ஆற்றுப் பள்ளத்தாக்கில் 78 கி.மீ. சைக்கிள் சுற்று: எந்தப் பக்கமாகச் சுற்றுவது?

கரையோரம்

வணக்கம் நண்பர்களே. ஒரு பள்ளத்தாக்கைச் சுற்றி வர வழி போட்டுக்கிட்டிருக்கேன். கருத்து வேணும்.

ஆறு வடக்கிலிருந்து தெற்கே ஓடுது. மேற்குக் கரையில் நெடுஞ்சாலை: வழவழப்பான தார், சாலையோரத்தில் ஒதுங்கிப் போக இடம் உண்டு, ஆனா லாரி போகும். கிழக்குக் கரையில் ஒரு வண்டி அகலக் கிராமச் சாலை: வண்டி ரொம்பக் குறைவு, மேடும் பள்ளமுமா போகும். கீழ்ப்பாலம் கிளம்புற இடம். அங்கிருந்து 14-வது கிலோமீட்டரில் ஒரு தரைப்பாலம், 22-ல் நடுப்பாலம், 38-ல் மேல்பாலம். மொத்தச் சுற்று 78 கி.மீ. சாலையில் இடதுபுறம் போகணும்.

நான் நினைச்சது: நெடுஞ்சாலையில் வேகமா மேலே ஏறிட்டு, கிழக்குக் கரையில் நிதானமா வேடிக்கை பார்த்துக்கிட்டே இறங்குறது. அதாவது கடிகாரச் சுற்று. ஆறு பேர் போறோம், இரண்டு பேர் புதுசு. எல்லா வண்டியிலும் முன்சக்கரத்தில் 50/34 பல், பின்சக்கரத்தில் 11–28 பல், டயர் 28 மி.மீ. வழி போடும் செயலி மொத்த ஏற்றம் 1450 மீட்டர்னு காட்டுது. புதியவங்களுக்கு இது அதிகமா? திசை சரியா?

சமஉயரக்கோடு

முதலில் அந்த 1450-ஐ நம்ப வேண்டாம். இணையச் செயலிகள் பல, செயற்கைக்கோள் உயரத் தரவிலிருந்து ஏற்றத்தைக் கணக்கிடுகின்றன. பரவலாகப் பயன்படுவது 2000-ல் விண்கலத்திலிருந்து ரேடார் மூலம் எடுத்த எஸ்.ஆர்.டி.எம். தரவு. அதில் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் சுமார் 30 மீட்டர் இடைவெளி. சமவெளியில் இது போதும். பள்ளத்தாக்குச் சரிவில் 30 மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் உயரம் 10, 15 மீட்டர் மாறிவிடும். சாலை சரிவை ஒட்டிச் சமமாகவே போகும். ஆனால் கணக்கு ஒரு புள்ளியை மேலிருந்தும் அடுத்ததைக் கீழிருந்தும் எடுக்கும். அந்தப் பொய் ஏற்ற இறக்கம் எல்லாம் கூட்டப்பட்டுவிடும். உயரமான பாலத்தில் இன்னும் மோசம்: பாலத்தின் தளத்தை விட்டுவிட்டு அடியில் உள்ள ஆற்றின் உயரத்தை எடுத்துக்கொள்ளும். வரைபடத்தில் பாலம் வரும் இடத்தில் ஊசி போல ஒரு பள்ளம் தெரிந்தால் அது இதுதான்.

கையால் கணக்குப் போடுங்கள், அரை மணி நேர வேலை. சம உயரக் கோடு உள்ள வரைபடத்தை எடுத்து, சாலை எந்தெந்தக் கோட்டை வெட்டுகிறது என்று எண்ணுங்கள். கோட்டு இடைவெளி 20 மீட்டர் என்றால், ஒரு கிலோமீட்டருக்குள் ஐந்து கோட்டு இடைவெளி ஏறினால் 100 மீட்டர் ஏற்றம், 10% சரிவு. பக்க ஓடைகளைத் தவறவிடாதீர்கள். ஓடையைக் கடக்கும் இடத்தில் கோடுகள் மேல்நோக்கி முனைந்த கூம்பு போல வளையும். சாலை ஒவ்வொரு ஓடைக்கும் இறங்கி மறுபடி ஏறும். பள்ளத்தாக்குச் சாலையில் காலை உடைப்பது ஆற்றின் சரிவு அல்ல, இந்த ஓடைகள்தான்.

கீழ்ப்பாலத்துக்கும் மேல்பாலத்துக்கும் உயர வித்தியாசம் எவ்வளவு, கிழக்குக் கரையில் எத்தனை ஓடை என்று பார்த்துச் சொல்லுங்கள்.

கரையோரம்

பார்த்தேன். பாலத்துக்குப் பாலம் 260 மீட்டர். கிழக்குக் கரையில் 9 ஓடை, ஒவ்வொன்றிலும் சுமார் 35 மீட்டர் இறங்கி ஏறணும். மேற்குக் கரை நெடுஞ்சாலையில் சின்னச் சின்ன மேடு எல்லாம் சேர்த்து 200 மீட்டர் வருது.

சமஉயரக்கோடு

260 + 315 + 200 = 775. செயலி சொன்னதில் ஏறக்குறைய பாதி. புதியவர்களும் தாராளமாக வரலாம். ஆனால் ஓடையிலிருந்து வெளியே ஏறும் மேடுகளில் எது ரொம்பச் செங்குத்து என்பதைத் தனியாகப் பாருங்கள். மொத்த ஏற்றம் மனிதரைக் களைக்க வைக்கும். ஒற்றைச் செங்குத்து மேடு வண்டியை விட்டே இறங்க வைக்கும்.

இடதுவளைவு

திசையை மாத்துங்க. எதிர்க் கடிகாரச் சுற்றா போங்க: கிழக்குக் கரையில் மேலே ஏறி, மேற்குக் கரையில் இறங்கணும். காரணம் சொல்றேன்.

இடதுபுறம் ஓட்டுற இடத்தில் எதிர்க் கடிகாரமா போனா ஆறு எப்பவும் உங்க இடது கைப்பக்கம். நீங்க போறதும் இடது ஓரம். உங்களுக்கும் ஆத்துக்கும் நடுவில் வண்டியே கிடையாது, காட்சி மறைக்காது. நின்னு பார்க்கணும்னா சாலையைக் கடக்க வேண்டாம். பாலத்தில் ஏறுறது, பாலத்திலிருந்து நெடுஞ்சாலையில் சேர்றது, கடைசியில் கீழ்ப்பாலத்துக்குத் திரும்புறது எல்லாமே இடது திருப்பம். கடிகாரச் சுற்றில் இது ஒவ்வொன்றும் வலது திருப்பம்; லாரி வர்ற நெடுஞ்சாலையில் நடுக்கோட்டுக்கு நகர்ந்து காத்திருக்கணும். வலதுபுறம் ஓட்டுற நாடுகளில் இதையே கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திருப்பிப் போட்டுக்கலாம்.

அதைவிடப் பெரிய காரணம் நெடுஞ்சாலையில் உங்க வேகம். ஏறும்போது சராசரி 20 கி.மீ. வேகம் வரும், இறங்கும்போது 28 வரும். மணிக்கு 100 வண்டி, 60 கி.மீ. வேகத்தில் உங்க திசையிலேயே போகுதுன்னு வைங்க. 38 கி.மீ. தூரத்தில் ஏறும்போது உங்களைத் தாண்டிப் போற வண்டி சுமார் 127. இறங்கும்போது 72. அதே சாலை, அதே போக்குவரத்து. ஆனா பின்னாலிருந்து வர்ற ஆபத்து கிட்டத்தட்ட பாதியாகுது. சாலை வழவழன்னு இருக்குன்னு நெடுஞ்சாலையில் ஏறுறவங்க இந்தக் கணக்கை யோசிக்கிறதில்லை.

மலைக்காற்று

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மலைப் பள்ளத்தாக்கில் காற்று நாள் முழுக்க ஒரே திசையில் வீசாது. இரவில் குளிர்ந்த காற்று கனமாகி ஆற்றோடு சேர்ந்து கீழே வழியும். விடிந்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கும். வெயில் ஏறிச் சரிவுகள் சூடானதும் திசை மாறி, கீழிருந்து மேலே வீச ஆரம்பிக்கும். முற்பகல் பிந்திய நேரத்தில் தொடங்கி, நடுப்பிற்பகலில் உச்சம் தொட்டு, சூரியன் மறையும்போது அடங்கும். வானம் தெளிந்த நாளில்தான் இது பலமாக இருக்கும். மேகம் மூடிய நாளில் பொதுக் காற்றுதான் ஆளும்.

ஆகவே காற்றை மட்டும் பார்த்தால், காலையில் ஆற்றோடு இறங்கி, மதியம் ஆற்றை எதிர்த்து ஏறுவதுதான் சரி. உங்கள் ஆறு தெற்கே ஓடுகிறது, நீங்கள் கீழ்ப்பாலத்தில் தொடங்குகிறீர்கள். எந்தப் பக்கமாகச் சுற்றினாலும் முதல் பாதி ஏற்றம், இரண்டாம் பாதி இறக்கம். மதியத்தில் மாட்டிக்கொண்டால் இறக்கத்தில் முழு எதிர்க்காற்று. 25 கி.மீ. வேகத்தில் போகிறவருக்கு 20 கி.மீ. எதிர்க்காற்று வந்தால், காற்றின் தடை 45 கி.மீ. வேகத்துக்கு உரியதாகிவிடும், அதாவது மூன்று மடங்குக்கும் மேல். ஒரு கிலோமீட்டருக்கு ஏழு மீட்டர் மட்டும் இறங்கும் பள்ளத்தாக்குச் சாலை அதை ஈடுகட்டாது. மிதித்துக்கொண்டேதான் இறங்க வேண்டியிருக்கும்.

கரையோரம்

அப்போ மேல்பாலத்தில் தொடங்கினா? வண்டியைக் காரில் ஏத்திட்டுப் போய் அங்கிருந்து இறங்கி, மதியம் பின்காற்றோட ஏறலாமே?

இடதுவளைவு

காற்றுக்குச் சரி. ஆனா எதிர்க் கடிகாரமா போனா முதலில் நெடுஞ்சாலை, பிறகு 9 ஓடையும் களைச்ச காலோட, உச்சி வெயிலில். புதியவங்க இரண்டு பேரும் அங்கேதான் திணறுவாங்க. அதோட களைச்சுப் போனா நடுப்பாலத்தில் வெட்டிக்கிட்டுத் திரும்பினாலும் வண்டி நிற்கிற இடம் மேலேதான். கீழே தொடங்கினா எங்கே களைச்சாலும் வீட்டுப் பக்கம் இறக்கம். இதை விட்டுக்கொடுக்காதீங்க.

மலைக்காற்று

இதை நானும் ஏற்கிறேன். காற்றுக்குப் பரிகாரம் திசை அல்ல, கிளம்பும் நேரம். காற்று திரும்பிப் பலம் பிடிப்பதற்குள் முடித்துவிடுங்கள்.

புதியவர் சமதளத்தில் 20 கி.மீ. வேகம் என்றால் 78 கிலோமீட்டருக்கு 3 மணி 54 நிமிடம். ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் 5 நிமிடம் சேர்த்தால் 39 நிமிடம். மணிக்குப் பத்து நிமிடம் நிற்பதற்கு, மொத்தம் 45. கூட்டினால் 5 மணி 18 நிமிடம். ஆறு மணிக்குக் கிளம்பினால் பதினொன்றே காலுக்கு முடியும். எட்டு மணிக்குக் கிளம்பினால் கடைசி இருபது கிலோமீட்டர் முழுக்க எதிர்க்காற்று. இரண்டு மணி நேரத் தூக்கத்துக்கு அது பெரிய விலை.

உச்சிவெயில்

ஆறு மணிக்குக் கிளம்புவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. ஆறு வடக்கு தெற்காக இருக்கும்போது, காலையில் கிழக்கு மலை சூரியனை மறைக்கும். கிழக்குக் கரைச் சாலை நிழலில் இருக்கும். எதிரே மேற்குச் சரிவில் மட்டும் வெயில் விழும். நீங்கள் நிழலில் ஏறிக்கொண்டே, ஒளி பட்ட சரிவை இடது பக்கமாகப் பார்த்துக்கொண்டு போகலாம். ஒரு பள்ளத்தாக்கின் அழகு முழுதாகத் தெரிவது அந்த நேரத்தில்தான். கடிகாரச் சுற்றில் இதே நேரம் கண்ணில் வெயில், எதிரே இருட்டுச் சரிவு.

அதே நிழலால் இரண்டு ஆபத்தும் உண்டு. குளிர்ந்த காற்று அடியில் தேங்குவதால் ஆற்றுமட்டத்தில் பனிமூட்டம் நிற்கும். சாலை மேலே ஏறினால் தெளியும், ஓடைக்கு இறங்கினால் மறுபடி மூட்டம். பின்விளக்கைப் பகலிலும் எரிய விடுங்கள். இன்னொன்று, வெயில் படாத வளைவில் தார் ஈரமாகவே இருக்கும். 40 கி.மீ. வேகத்தில் ஒரு நொடி சுதாரிக்க 11 மீட்டர் போய்விடும். அதன் பிறகு காய்ந்த சாலையில் நிற்க 12 மீட்டர் போதும். ஈரத்தில் 20-க்கு மேல் வேண்டும். 25 மீட்டருக்கு அப்பால் தெரியாத வளைவில், ஈரச் சாலையில் 40 வேண்டாம்.

பல்சக்கரம்

கியர் பற்றி யாரும் சொல்லல. ஓடை மேடுகளில் அதிகபட்சச் சரிவு எவ்வளவு வருது?

கரையோரம்

ஆறாவது ஓடையில் 400 மீட்டர் தூரம் 11%. மற்றது எல்லாம் 6, 7%.

பல்சக்கரம்

அப்போ 11–28 பத்தாது. 34 பல்லை 28-ஆல் வகுத்தா 1.21. சக்கரச் சுற்றளவு 2.1 மீட்டர்னா ஒரு மிதிக்கு 2.55 மீட்டர். நிமிஷத்துக்கு 60 சுற்று மிதிச்சா 9.2 கி.மீ. வேகம். ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோன்னா, 11% மேட்டில் அந்த வேகத்துக்குச் சுமார் 230 வாட் வேணும். புதியவங்களால் அதை மூணு நிமிஷம் தாங்குறது கஷ்டம். வேகம் குறையும், கால் சுற்றும் குறையும், 45-க்குக் கீழே போனதும் முழங்காலில் பாரம் ஏறும். பின்னால் 34 பல் போட்டா ஒரு மிதிக்கு 2.1 மீட்டர், 60 சுற்றில் 7.6 கி.மீ. வேகம், சுமார் 190 வாட். 40 வாட் மிச்சம்.

ஆனா கேசட்டை (பின்னால் உள்ள பல்சக்கரத் தொகுதி) மட்டும் மாத்திட்டுக் கிளம்பிடாதீங்க. பின் டிரெய்லர் (derailleur, செயினைப் பல்லுக்குப் பல் மாத்துற கருவி) 34 பல்லைத் தாங்குமான்னு தயாரிப்பாளர் அட்டவணையில் பாருங்க. இரண்டு எண் இருக்கும்: அதிகபட்சப் பல், மொத்தக் கொள்ளளவு. கொள்ளளவுக்கு முன் வித்தியாசமும் பின் வித்தியாசமும் கூட்டணும். இப்போ உள்ளது 16 + 17 = 33. புதுசுக்கு 16 + 23 = 39. குட்டைக் கூண்டு (செயினை இழுத்துப் பிடிக்கிற கை) உள்ள டிரெய்லர் பெரும்பாலும் இதைத் தாங்காது, நீளக் கூண்டு வேணும்.

செயினும் நீளணும். டிரெய்லருக்குள் நுழைக்காம, முன் பெரிய சக்கரத்தையும் பின் பெரிய பல்லையும் சுத்திப் பிடிச்சு, முனைகள் சந்திக்கிற இடத்திலிருந்து ஓர் உள்கண்ணி, ஒரு வெளிக்கண்ணி கூடுதலா விடுங்க. பழைய செயினை அப்படியே விட்டா, களைப்பில் யாராவது பெரிசுக்குப் பெரிசு போட்ட நொடி செயின் இறுகி டிரெய்லரைச் சட்டத்தில் மாட்டுற ஹேங்கரை முறிக்கும், சில சமயம் டிரெய்லர் ஸ்போக்குக்குள்ளேயே போயிடும். கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே மாத்தி, வேறெங்காவது ஒரு மேட்டில் ஏத்திப் பாருங்க.

டயர் 28-ஏ போதும். டியூப் போட்ட டயர், 75 கிலோ ஆள்: பின்னால் 75–80, முன்னால் 70–75 பி.எஸ்.ஐ. கிராமச் சாலை சொரசொரப்பா இருந்தா இதிலிருந்து ஐந்து குறைங்க. ஹூக்லெஸ் ரிம் (டயரைப் பிடிக்க உள்விளிம்பில் கொக்கி இல்லாதது) வச்சிருக்கிறவங்க 5 பார், அதாவது 72.5 பி.எஸ்.ஐ. தாண்டக்கூடாது, தாண்டினா டயர் ரிம்மை விட்டுக் கழன்றுடும்.

மதகடி

தரைப்பாலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பாலங்கள்தான் உங்கள் சுற்றின் ஏணிப்படிகள். எங்கே குறுக்கே வெட்டித் திரும்பலாம் என்பதை அவைதான் தீர்மானிக்கும். அதில் 14-வது கிலோமீட்டர் படியை இருப்பதாகவே நினைக்காதீர்கள்.

தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் கடக்கவே கூடாது. கணுக்கால் அளவு ஓட்டமே சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளும், அடியில் கான்கிரீட் அரித்துப் போயிருந்தால் கலங்கல் நீரில் தெரியாது. மேலே அணை இருந்தால் நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு சொட்டு மழை இல்லாமலேயே நீர்மட்டம் ஏறும். தண்ணீர் வடிந்த பிறகும் நம்பாதீர்கள். நீர் வழிந்த பக்கம் ஒரு சாண் அகலத்துக்குப் பச்சையாகப் பாசி படிந்திருக்கும். காய்ந்தாற்போல் வெளிறித் தெரியும், ஆனால் டயர் ஏறினால் சோப்பு. இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். க்ளீட் (பெடலில் பூட்டும் கட்டை) உள்ள செருப்போடு பாசியில் நடப்பதும் ஆபத்து, ஆகவே நடுவிலேயே நடக்க வேண்டும்.

பெரிய பாலங்களில் விரிவிணைப்பை (பாலத் துண்டுகளுக்கு இடையே விடும் இடைவெளி) கவனியுங்கள். குறுக்கே போகும் இரும்புப் பட்டை தொல்லை இல்லை, நேராகக் கடந்தால் போதும். ஆனால் பாலத் தளத்துக்கும் நடைபாதைக்கும் இடையே நீளவாக்கில் ஓடும் இடுக்கு 28 மி.மீ. டயரை விழுங்கும். மழையில் இரும்புத் தட்டு மேல் திரும்பவும் வேண்டாம், பிரேக்கும் வேண்டாம். பள்ளத்தாக்குக் காற்று பாலத்தைக் குறுக்கே அடிக்கும் என்பதால், ஆழமான ரிம் போட்டவர்கள் பாலம் ஏறுமுன் இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்க வேண்டும்.

சமஉயரக்கோடு

இதோடு சேர்த்து: ஆற்றின் வெளிவளைவை ஒட்டிச் சாலை போகும் இடங்களை வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். வெளிவளைவில்தான் நீர் வேகமாக மோதிக் கரையை அடியில் அரிக்கும். அங்கே தாரில் ஆற்றுக்கு இணையாக நீளமான வெடிப்பு தெரியும், சில இடத்தில் ஒரு பக்கம் ஓர் அங்குலம் இறங்கியிருக்கும். எதிர்க் கடிகாரச் சுற்றில் நீங்கள் ஓட்டும் ஓரம் அதுவேதான். அந்த இடங்களில் மட்டும் ஓரத்தை விட்டு ஒரு மீட்டர் உள்ளே வாருங்கள், வெடிப்புக்கு இணையாக ஓட்டாதீர்கள். உள்வளைவில் இந்தத் தொல்லை குறைவு. வெள்ளம் வந்து போன பிறகு மணல் கிடக்கும், அவ்வளவுதான்.

கரையோரம்

எல்லாருக்கும் நன்றி. எதிர்க் கடிகாரம், காலை ஆறு மணி, கீழ்ப்பாலத்தின் கிழக்கு முனையில் தொடக்கம், 11–34 கேசட், நீளக் கூண்டு டிரெய்லர், புதியவங்களுக்கு நடுப்பாலத்தில் முடிவெடுக்கும் இடம். ஜி.பி.எக்ஸ். கோப்பு (வழித்தடப் பதிவு) எல்லார் கருவியிலும் ஏத்தப் போறேன். அதில் ஏதாவது கவனிக்கணுமா?

இடதுவளைவு

நிறைய இருக்கு. தொடக்கமும் முடிவும் ஒரே புள்ளியா இருந்தா சில கருவிகள் கிளம்பின உடனே பயணம் முடிந்ததுன்னு சொல்லிடும், இல்லைன்னா பின்னோக்கி வழி காட்டும். முடிவுப் புள்ளியைத் தொடக்கத்துக்கு 100 மீட்டர் முன்னாடியே நிறுத்துங்க. மேல்பாலத்தில் வெட்டி இரண்டு கோப்பாவே வச்சுக்கிட்டா இன்னும் நல்லது.

‘மறுகணக்கீடு’ அமைப்பை அணைச்சு வைங்க. யாராவது ஒருத்தர் தண்ணி பிடிக்க 50 மீட்டர் விலகினாக்கூட, அது கிடைச்ச குறுக்கு வழியில் நெடுஞ்சாலைக்கு இழுத்துட்டுப் போகும். குறுகின பள்ளத்தாக்கில் இருபக்கச் சரிவும் செயற்கைக்கோளை மறைக்கும், பாறையில் பட்டு எதிரொலிக்கிற சமிக்ஞையும் கலக்கும். திரையில் உங்க புள்ளி ஆத்துக்குள்ளே நிற்கும். ‘வழி தவறிவிட்டீர்கள்’னு கத்தினா பதறாதீங்க, அடுத்த திறந்த வளைவில் சரியாகும். தொலைபேசி இணைப்பும் இருக்காதுங்கிறதால வரைபடத்தை முன்னாடியே இறக்கி வைக்கணும்.

அப்புறம், நடுப்பாலத்தில் வெட்டித் திரும்பற வழியைத் தனிக் கோப்பாப் போட்டுப் புதியவங்க இரண்டு பேர் கருவியிலும் ஏத்துங்க. அந்த வழியில் பாலத்து அணுகுசாலை எவ்வளவு சரிவுன்னு பார்த்தீங்களா?

கரையோரம்

இப்பதான் கோடு எண்ணினேன். கிழக்குச் சாலை ஆத்துக்கு 60 மீட்டர் மேலே போகுது. பாலத்துக்கு இறங்க 700 மீட்டர் தூரம். மறுபக்கம் நெடுஞ்சாலைக்கு 25 மீட்டர் ஏத்தம்.

சமஉயரக்கோடு

சராசரி எட்டரை சதவீத இறக்கம், முடிவில் பாலத்துக்கு இடது திருப்பம். புதியவர்கள் வேகம் பிடித்து வந்து அந்தத் திருப்பத்தில் அகலமாகப் போய்விடுவார்கள். அனுபவமுள்ள ஒருவர் முன்னால் போய்ப் பாலத்தின் முனையில் நின்று கைகாட்டட்டும். ரிம் பிரேக் வைத்திருப்பவர்கள் 700 மீட்டரும் பிடித்துக்கொண்டே இறங்க வேண்டாம். விட்டுவிட்டுப் பிடித்தால் ரிம் ஆற நேரம் கிடைக்கும்.

பல்சக்கரம்

அந்த இரண்டு பேருடன் ஒருத்தர் கூடவே திரும்பணும், அவர்கிட்டே முழு உபகரணமும் இருக்கணும்: இரண்டு டியூப், லீவர், கைப்பம்பு, டயர் கிழிஞ்சா உள்ளே வைக்க ஒரு துண்டு, செயினின் வேக எண்ணுக்குப் பொருந்துற குயிக் லிங்க் (அறுந்த செயினைச் சேர்க்கிற கண்ணி). 11 ஸ்பீடு லிங்க் 12 ஸ்பீடு செயினில் பூட்டாது. மிச்ச நாலு பேருக்கு இன்னொரு முழுப் பை. தண்ணி ஆளுக்கு 750 மி.லி. புட்டி இரண்டு, நடுப்பாலத்தில் நிரப்பிக்கணும். அதற்கு அப்புறம் மேல்பாலம் வரைக்கும் 16 கிலோமீட்டர், ஆறாவது ஓடை அங்கேதான் வருதான்னு பாருங்க. வந்தா, நிரப்பிட்டு இரண்டு வாய் தின்னுட்டு, இருபது நிமிஷம் கழிச்சு அந்த மேட்டில் ஏறுங்க.